பலவேசம் சாரின் ஜட்ஜ்மெண்ட்

ஒரு ஆட்டத்தைக் கெடுக்கப் பலவேசம் சார் விசில் ஊத வேண்டியதே இல்லை. ஊதாமல் நின்றே கெடுத்துவிடுவார். உத்தமபாளையத்தில் பதினெட்டு வருஷம் கூடைப்பந்து ஆட்டங்களுக்கு ஸ்கோர் எழுதியவன் நான். அவரை என்னளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர்கள் அதிகம் பேர் இல்லை. அவர்மேல் எனக்கு ஒருநாளும் மரியாதை இருந்ததில்லை. பெயருக்குப் பின்னால் ‘சார்’ என்று வருவது நாக்கின் பழக்கம், அவ்வளவுதான்.

போடி பஜாரில் புளியும் வத்தலும் விற்ற குடும்பம். இருபது வயது வரைக்கும் அப்பாவின் கடையில் நின்றார். எடை போடும்போது தராசைப் பார்க்காமல் வாங்க வந்தவன் முகத்தைப் பார்ப்பார் என்று அவருடைய அண்ணனே என்னிடம் சொல்லியிருக்கிறார். கடைக்கு ஆகமாட்டான் என்று தெரிந்ததும் சென்னைக்கு அனுப்பி டிரில் மாஸ்டருக்குப் படிக்க வைத்தார்கள். ஐம்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். ஆள் பார்க்க நன்றாக இருப்பார். நிமிர்ந்த முதுகு, வழித்து வாரிய தலை. சாம்பல் சட்டையும் கறுப்புப் பேண்ட்டும் போட்டு, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டுக்கொண்டு மைதானத்துக்குள் வந்தால் புதிதாகப் பார்க்கிறவன் நிச்சயம் ஏமாந்துபோவான்.

நடுவர் பரீட்சை எழுத அவர் மதுரைக்குப் போனது அறுபத்து மூன்றில். பரீட்சை நடத்திய பெரியவர் அங்கே ஒரு பாடம் சொன்னாராம். “ரெண்டு பேர் உரசிக்கிறதெல்லாம் பவுல் ஆகாது. அந்த உரசல்ல ஒருத்தனுக்கு அநியாயமா நஷ்டம் வந்துச்சா, இன்னொருத்தனுக்கு அநியாயமா லாபம் வந்துச்சான்னு பாத்து ஊதணும். இல்லேன்னா புத்தகத்த மட்டும் அனுப்பிட்டு உங்கள வீட்டுல இருக்கச் சொல்லிருவோமே. உங்களோட ஜட்ஜ்மெண்ட்டுக்காகத்தான் உங்கள அனுப்புறோம்.”

அந்தப் பாடத்தில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குக் கோர்ட்டில் குமாஸ்தா வேலை. ஒரே பிரிவின் கீழ் வந்த இரண்டு வழக்குகளில் முன்சீப் இரண்டு விதமாகத் தீர்ப்பு எழுதி, இரண்டுமே சரியாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன். விதி ஒன்றுதான், அது எந்த இடத்தில் உயிரோடு இருக்கிறது என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பெரியவர் அதைத்தான் சொல்லியிருப்பார். பலவேசம் சார் அந்தப் பேச்சிலிருந்து ஒரே ஒரு சொல்லைப் பொறுக்கிக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார்.

வருஷா வருஷம் மே மாதம் எங்கள் ஊரில் போட்டி நடக்கும். நடத்தியவர் பொன்னுராஜ் முதலாளி. ஏலக்காய் வியாபாரம், இரண்டு லாரி. சிமெண்ட் தரை போட்டுக்கொடுத்தது, கோப்பை வாங்கியது, வெளியூர் அணிகளுக்குச் சாப்பாடு போட்டது எல்லாம் அவர்தான். அவருக்கென்று ஒரு அணியும் இருந்தது. முன்வரிசை நாற்காலியில் அவர் வந்து உட்கார்ந்த பிறகுதான் ஆட்டம் தொடங்கும். விசில் வாயில் இருக்கும்போதே பலவேசம் சாரின் கண் அந்த நாற்காலிக்கு ஒருதரம் போய்வரும். தராசுக்காரன் முகம் பார்க்கிற அதே பார்வை.

முதலாளியின் தம்பி பந்தைத் தரையில் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே மூன்று எட்டு ஓடுவான். விசில் வராது. காமயகவுண்டன்பட்டிப் பையன் ஒருத்தனுக்குக் கால் அரை அடி நகர்ந்தால் போதும், கையைச் சுழற்றிச் சுழற்றி டிராவலிங் என்று காட்டுவார். ஆட்டம் முடிந்து மேசையில் கையெழுத்துப் போட வந்தவரிடம் ஒருநாள் கேட்டேன்.

“சார், முதலாளி தம்பி மூணு எட்டு வச்சாரே.”

“ஓட்டத்துல வந்த வேகம்ப்பா. அதையெல்லாம் ஊதுனா ஆட்டம் செத்துப்போகும்.”

“அந்தப் பையனும் ஓட்டத்துலதான சார் வந்தான்.”

“அவன் வேணும்னு வச்சான்.”

“அது எப்படித் தெரியும்?”

பேனா மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார். “அதுக்குப் பேருதாம்ப்பா ஜட்ஜ்மெண்ட்டு.”

ஊரில் அவருக்கு அதுவே பெயரானது. ஜட்ஜ்மெண்ட் வாத்தியார். கிண்டல் என்று தெரியாமல் அவர் அதில் பெருமைப்பட்டார்.

எழுபத்து மூன்றாம் வருஷம் இறுதி ஆட்டம் முதலாளி அணிக்கும் காமயகவுண்டன்பட்டிக்கும். கவுண்டன்பட்டி அணியில் ராக்கப்பன் என்று ஒருத்தன் இருந்தான். இருபத்தொரு வயது. திராட்சைத் தோட்டத்து வேலை. பந்தலுக்குக் கீழே கையைத் தூக்கிக்கொண்டே வளர்ந்தவன் போல நெடுநெடுவென்று இருப்பான். வலது பக்கமாக ஓடிவந்து எம்பினான் என்றால் கூடைக்கு மேலேயே சற்று நேரம் தங்கிவிட்டு இறங்குவான். அவனைத் தடுக்க முடியாது என்று தெரிந்து, முதலாளி மதுரையிலிருந்து ஒரு ஆட்டக்காரனை வரவழைத்திருந்தார். அந்த ஆளுக்குத் தெரிந்தது ஒரே வித்தை. எதிராளி எம்பியதும் அவன் இறங்கப் போகிற இடத்தில் தன் பாதத்தைக் கொண்டுபோய் வைப்பான்.

முதல் தடவை வைத்தபோது ராக்கப்பன் தடுமாறி உட்கார்ந்தான். பலவேசம் சார் மூன்று அடி தூரத்தில் நின்றார். பந்து கையை விட்டுப் போய்விட்டதால் ஆட்டம் பாதிக்கவில்லை என்று கையைக் காட்டிவிட்டு ஓடினார்.

இரண்டாவது தடவை, அந்தப் பக்கத்திலிருந்த இன்னொரு நடுவர் ஊதினார். அவர் மலைச்சாமி, தேனியிலிருந்து வந்த இளம் வாத்தியார், அந்த வருஷம்தான் பரீட்சை பாஸ் செய்தவர். பலவேசம் சார் அவரிடம் போய்த் தோளில் கைபோட்டு ஏதோ சொன்னார். பிறகு எங்கள் மேசையைப் பார்த்து, பவுல் இல்லை என்று கையை ஆட்டினார். ஒரு நடுவர் கொடுத்த முடிவை இன்னொருவர் தள்ளுபடி செய்யக்கூடாது என்பது புத்தகத்தில் தெளிவாக இருக்கிற விதி. மலைச்சாமி முகம் சிவந்துபோனார். அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை அவர் விசில் அநேகமாகச் சத்தமே போடவில்லை.

ஆட்டம் முடிய நான்கு நிமிஷம். கவுண்டன்பட்டி ஒரு புள்ளி முன்னால். ராக்கப்பனுக்கு அதற்குள் நான்கு பவுல் எழுதியிருந்தேன். அதில் இரண்டு என் கண்ணுக்கே தெரியாதவை. பந்தை வாங்கினான், ஓடினான், எம்பினான். மதுரைக்காரன் பக்கவாட்டில் நகர்ந்துவந்து அவன் அடியில் நின்றான். ராக்கப்பன் அவன் காலின்மேல் இறங்கினான். முழங்கால் திரும்பியது. பச்சைக் குச்சியை முறுக்கினால் வருகிற சத்தம் மேசைவரை கேட்டது.

அப்போதுதான் விசில் வந்தது. பலவேசம் சார் கீழே கிடந்தவனைக் கடந்து எங்கள் மேசைக்கு வந்தார். ராக்கப்பனின் நம்பரை விரல்களில் காட்டினார். உள்ளங்கையில் முஷ்டியால் குத்திக் காட்டினார். பந்து வைத்திருந்தவன் போய் மோதினானாம். சார்ஜிங். ஐந்தாவது பவுல். ஆட்டத்தை விட்டு வெளியே போகவேண்டும்.

“சார், அவன் எந்திரிக்கவே முடியாமக் கெடக்கான்” என்றேன்.

“நீ எழுதுப்பா. எழுதுறது மட்டும்தான் உன் வேலை.”

எழுதினேன். ஐந்தாம் கட்டத்தில் கோடு போட்டேன், வெளியேற்றத்துக்கான சிவப்புக் கொடியை மேசைமேல் தூக்கி நிறுத்தினேன். நான்கு பேர் ராக்கப்பனைத் தூக்கிக்கொண்டு போகும்போது அந்தக் கொடி அங்கேதான் நின்றது. இதைச் சொல்லாமல் பலவேசம் சாரைப் பற்றி மட்டும் பேசினால் நான் யோக்கியனில்லை.

முதலாளி அணி ஆறு புள்ளியில் ஜெயித்தது. ராக்கப்பனை முதலில் கட்டுப் போடுகிறவரிடமும், கால் வீங்கிக் கறுத்த பிறகு மதுரை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனார்கள். கால் மிஞ்சியது, மடங்கவில்லை. பந்தலடியில் குனிந்து நிமிர்ந்து செய்கிற வேலைக்கு இனி ஆகாது என்று ஆனது. ஒரு ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்து திராட்சைப் பெட்டி அடைக்கிறவனாக ஆனான்.

ஜூலை மாதம் அவன் அம்மா சந்தனம்மாள் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். நான் அன்று ஏதோ கையெழுத்து வாங்க அங்கே போயிருந்தேன். பலவேசம் சார் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி டிரில் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் வெயிலில் நேராக அவரிடம் நடந்துபோனாள். சத்தம் போடவில்லை.

“நீங்கதான் அன்னைக்கு ஊதுன வாத்தியாரா?”

“ஆமா. நீங்க யாரு?”

“ராக்கப்பன் ஆத்தா. எம்மகன் விழுந்ததப் பக்கத்துல இருந்து பாத்தீகளாம்ல.”

“பாத்தேந்தான். விளையாட்டுல அடிபடுறது சகஜந்தான் ஆத்தா.”

“நான் அதக் கேக்க வரலய்யா. மொதத் தடவ அவன் காலுக்கடியில அந்தாளு கால வச்சதப் பாத்தீகளா?”

“பாத்தேன். ஆனா அது ஆட்டத்தப் பாதிக்கல.”

“ரெண்டாந் தடவ?”

அவர் பிள்ளைகளைத் திரும்பிப் பார்த்தார். “பாத்தேன்.”

“மூணாந் தடவ எம்மகன் மேலதான் தப்புன்னு சொன்னீகளாம். அது எப்படிய்யா?”

“அது வந்து ஆத்தா, அது ஜட்ஜ்மெண்ட்டு.”

“அப்படின்னா?”

அவர் தீர்ப்பு என்று சொல்ல வந்திருக்கலாம். நிதானம், விவேகம், பகுத்தறிவு என்று தமிழில் எத்தனையோ சொல் இருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றையும் அவரால் எடுக்க முடியவில்லை.

“தமிழ்ல சொல்லத் தெரியலைன்னா விடுங்க. அது நல்ல சொல்லா இருக்காது” என்றாள் சந்தனம்மாள். வந்த வழியே திரும்பிப் போனாள். வரிசையில் நின்ற நூறு பிள்ளைகளும் அதைக் கேட்டன.

கவுண்டன்பட்டிக்காரர்கள் எழுதிப்போட்ட மனுவை விசாரிக்க மதுரை நடுவர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஸ்கோர் ஷீட்டை என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார்கள். இனிமேல் விதிப்படி ஊதுங்கள் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போன அடுத்த சனிக்கிழமை பலவேசம் சார் குச்சனூருக்குப் போய்ச் சனீஸ்வரனுக்கு எள் விளக்குப் போட்டார். ஒன்பது வாரம் போட்டார். கால் போனது ராக்கப்பனுக்கு. சனி பிடித்திருந்தது இவருக்காம்.

அதற்குப் பிறகு ஆள் தலைகீழாக மாறினார். மாற்றம் என்றால் திருந்தியது என்று நினைத்துவிடக் கூடாது. விதிப்புத்தகத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். தொட்டால் பவுல். மூச்சு பட்டால் பவுல். கூடைக்குக் கீழே மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது என்கிற விதிக்கு வாய்விட்டு ஒன்று, இரண்டு எண்ணினார். எழுபத்தைந்தில் கம்பத்தில் ஒரு ஆட்டம். நான் அறுபத்திமூன்று பவுல் எழுதினேன். ஐந்து பவுல் ஆகி ஒவ்வொருத்தனாக வெளியேறி, கடைசியில் ஒரு பக்கம் மூன்று பேரும் இன்னொரு பக்கம் நான்கு பேரும் நின்றார்கள். பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

“என்ன சார் இது?” என்று கேட்டேன்.

“புத்தகத்துல இருக்குப்பா. நான் என்ன செய்ய?”

முன்பு ஜட்ஜ்மெண்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார், இப்போது புத்தகத்துக்குப் பின்னால். எந்த விசிலிலும் இது நான் எடுத்த முடிவு என்று நிற்க அவருக்குத் தைரியம் கிடையாது. இந்தக் கண்டிப்பிலும் ஒரு நுணுக்கம் வைத்திருந்தார் என்பதைப் பழைய ஷீட்டுகளைப் புரட்டியபோது கண்டுபிடித்தேன். முதலாளி அணி ஆடும் நாட்களில், அவர்கள் பத்துப் புள்ளி முன்னால் போன பிறகுதான் அவர்கள் பக்கத்துப் பவுல்கள் வரத் தொடங்கும். கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். அவ்வளவு சாமர்த்தியம்.

எழுபத்தொன்பதில் மதுரையிலிருந்து வந்த நடுவர் பட்டியலில் முதல் பெயர் சாராள் என்று இருந்தது. தேனி பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. வயது முப்பது இருக்கும். ஐந்தடி உயரம். வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகி, கான்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு வந்து நின்றபோது கூட்டத்தில் சிரித்தார்கள். பலவேசம் சாரும் சிரித்தார். இரண்டாவது நடுவராக அவளுக்குக் கீழே ஊதவேண்டியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

முதல் ஐந்து நிமிஷத்தில் அவள் நான்கு தடவை ஊதினாள். கையைப் பிடித்தவன், இடுப்பில் இடித்தவன், எல்லாரும் பார்க்கும்படி கறாராக. அதற்கப்புறம் விசில் குறைந்தது. ஓடிக்கொண்டே பேசினாள். “தம்பி, கைய எடுங்க.” “பின்னால வாங்க, மூணு ஆகப் போகுது.” அவர்கள் கையை எடுத்தார்கள், பின்னால் வந்தார்கள். லேசான உரசல்களை விட்டாள். விழுந்தவன் எழுந்து ஓட முடிந்தால் ஓடவிட்டாள். ஆட்டம் நீர் ஓடுகிற மாதிரி ஓடியது. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் நான் எழுதுவதை மறந்து ஆட்டத்தைப் பார்த்தேன். மதுரைப் பெரியவர் சொன்ன பாடம் இதுதான் என்று அப்போது புரிந்தது.

இரண்டாம் பாதியில் முதலாளியின் அக்கா மகன், எதிரணிப் பையன் எம்பியபோது அவன் அடியில் பாதத்தை நீட்டினான். பழைய வித்தை ஊரில் தங்கிவிட்டிருந்தது. அந்தப் பையன் காற்றிலேயே உடம்பைத் திருகிக் கையை ஊன்றி விழுந்தான்; காயமில்லை. சாராள் அவன் கீழே விழும் முன்பே ஊதிவிட்டாள். அக்கா மகனைப் பார்த்து வாசல் பக்கம் கையை நீட்டினாள். ஐந்து பவுல் ஆகிறவரை காத்திருக்கவில்லை. அந்த ஒரே தப்புக்கு ஆட்டத்தை விட்டே நீக்கம்.

முன்வரிசையில் பொன்னுராஜ் முதலாளி எழுந்து நின்றார். பலவேசம் சார் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தார். என் மேசைக்கு முன்னால்தான் பேச்சு நடந்தது.

“அடிகூடப் படலையே மேடம். ஒரு பவுலோட விடுங்க. கொஞ்சம் ஜட்ஜ்மெண்ட்டு வேணும்.”

“அடிபட்டிருந்தா அதுக்கப்புறம் ஊதி யாருக்கு சார் பிரயோசனம்? கால எங்க வச்சான்னு பாத்தேன், ஊதுனேன். இதுதான் ஜட்ஜ்மெண்ட்டு. நீங்க உங்க எடத்துக்குப் போங்க.”

முதலாளி தன் அணியைப் பார்த்துக் கையை அசைத்தார். “எல்லாரும் வெளிய வாங்கடா. இவுக ஊதுறதுக்கு நாம ஆட வேண்டாம்.” அவர்கள் எல்லாரும் கோட்டுக்கு வெளியே போனார்கள்.

சாராள் முதலாளியிடம் போகவில்லை. அணித் தலைவனிடம் மட்டும் சொன்னாள். “ஒரு நிமிஷம் தர்றேன். வரலைன்னா ஆட்டம் அவுகளுக்கு.” என் பக்கத்தில் கடிகாரம் பார்த்தவரைத் திரும்பிப் பார்த்தாள். “நேரத்த ஆரம்பிங்க சார்.”

அவர் ஸ்டாப் வாட்ச்சை அமுக்கினார். நானும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்து. இருபது. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். முப்பது. பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவர்களுக்கு ஆட வேண்டும், கோப்பையும் வேண்டும். முதலாளிக்கு, தான் நடத்துகிற போட்டியில் தன் அணி ஓடிப்போனது என்ற பேச்சு வேண்டாம். நாற்பதாவது விநாடியில், “சரி, போயி ஆடுங்கலே” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

பதினாறு வருஷமாகப் பலவேசம் சார் பயந்து செத்துக்கொண்டிருந்த விஷயத்தின் மொத்த அளவு அன்றைக்குத் தெரிந்தது. நாற்பது விநாடி. அதற்காக மூன்று எட்டை ஒரு எட்டு ஆக்கினார், ஒரு வாத்தியாரை ஊமையாக்கினார், ஒருத்தன் காலை ஒடித்தவனைத் தப்பவிட்டார். அவரைத் திரும்பிப் பார்த்தேன். தூரத்துக் கோட்டில் நின்று விசிலைச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாராளுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த வருஷம் போட்டிக்கு முதலாளியே ஆள் அனுப்பி அவளை அழைத்தார். அவள் ஊதினால் வெளியூர் அணிகள் நம்பி வருகின்றன என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் வியாபாரி.

பலவேசம் சாரை அதற்குப் பிறகு சின்னப் பையன்கள் ஆட்டத்துக்குத்தான் கூப்பிட்டார்கள். எண்பத்து நான்கில் ஓய்வு பெற்றார். பொன்னாடை போர்த்தினார்கள். ஒரு நடுவருக்கு ஜட்ஜ்மெண்ட் எவ்வளவு முக்கியம் என்று கால் மணி நேரம் பேசினார். நான் அதற்கு இரண்டு வருஷம் முன்பே ஸ்கோர் எழுதுவதை விட்டிருந்தேன். பேச்சை நின்று கேட்டேன்.

எண்பத்தாறு மே மாதம் போட்டி பார்க்கப் போனேன். முன்வரிசையில் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கூப்பிட்டு அடுத்த நாற்காலியைத் தட்டிக்காட்டினார். வேறு இடம் இல்லை, உட்கார்ந்தேன். ஆட்டம் தொடங்கியதும் அவரும் தொடங்கினார். “கையப் பிடிக்கான்.” விசில் வந்தது. “டிராவலிங்.” விசில் வந்தது. “இங்கன இல்ல, அந்தப் பக்கம் பாரு, அங்கன இடுப்புல இடிக்கான்.” இடித்தவன்மேல் நடுவர் கை நீண்டது. சில சமயம் நடுவர் கவனிக்காததையும் சொன்னார். உற்றுப் பார்த்தால் நடந்துதான் இருந்தது. முழு ஆட்டத்திலும் அவர் ஒரு தடவைகூடத் தப்பாகச் சொல்லவில்லை. முதலாளி அணியின் பவுல்களையும் சேர்த்தே சொன்னார். எதையும் ஊதவேண்டிய பொறுப்பு இல்லாதபோது அந்தக் கண்ணுக்கு ஒரு மங்கலும் இல்லை.

அதுவரைக்கும் என் மனதில் ஓரமாக ஒரு சந்தேகம் இருந்தது. சில சமயமாவது அவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருந்திருக்குமோ, வேகத்தில் பார்வை தவறியிருக்குமோ என்று. அந்தச் சலுகையும் அன்றைக்குப் போனது.

இடைவேளையில் என் பக்கம் திரும்பினார். “கவனிச்சியாப்பா? எல்லாம் சரியாத்தான சொல்றேன்?”

“எல்லாமே சரி சார். ஒண்ணுகூடத் தப்பில்ல” என்றேன்.

அவருக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.